ஊசி இறங்கிய இடம்

"அலோ... ராஜாத்தியா? அக்கா பேசறேன். ஆஸ்பத்திரிலதான கீற?... ஆங், ஆங். பக்கத்துல யாராவது இருந்தா அப்பால வந்து பேசும்மா."

பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கல்லறையின் மதிலோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்றிருந்தாள் காசியம்மாள். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். காய்ச்சலுக்குக் கம்பவுண்டர் தானியேலிடம் ஊசி போட்டுக்கொண்டதிலிருந்து இடது கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை. தங்கை பொன்னேரியில் நர்ஸ்.

"பாதம் தூக்க வரல... ஆமா, ஆமா. செருப்பு கழண்டு பூட்டாகூட தெரியல... தொடைக்குப் பின்னால சுர்ருனு எறங்குது... எங்க போட்டாரா? இடுப்புலதான்... இடுப்புதான்னு சொல்றேன்ல... கொஞ்சம் கீழ."

சுற்றிலும் பார்த்தாள். ஓர் ஆடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது.

"குண்டிலதான்டி. போதுமா?"

சொன்னதும் காது மடல் சுட்டது. தங்கை கேட்கக் கேட்க, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள்.

"குண்டிய நாலு பாகமா பிரிச்சிக்கணுமா?... ம். மேல, வெளிப்பக்கந்தான் போடணுமா?... அங்க இல்ல. கீழ, உள்பக்கமா... இன்னா நரம்பு?... கட்டவெரல் கனமா? அங்கேருந்து தொடை வழியா பாதம் வரிக்கும் போவுதா?... ம்... ம்."

கையை எடுத்து மதிலில் ஊன்றிக்கொண்டாள்.

"அவர திட்டாத. நான்தான்... பொடவைய எறக்க மாட்டேன்னேன். துணி மேலயே போடு, மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கன்னேன். எடம் தெரியணும்மான்னாரு. நான் கேக்கல. ஊசி உள்ள போவசொல்ல நெளிஞ்சிட்டேன் வேற... போடாமலே அனுப்பி இருக்கணுமா? இருக்கலாம். அவரு மேலயும் தப்பு இருக்கலாம்... மாமாகிட்டயா? எப்டிடி சொல்றது? கால இஸ்துகினு வரத பாத்துட்டு கேட்டாரு. தானியேல் தப்பா போட்டுட்டாருன்னு மட்டும் சொன்னேன்... இப்ப ஆளுங்கள கூட்டிகினு அங்கதான் பூட்டாரு."

கம்பவுண்டர் வீட்டுத் தெருவிலிருந்து கூச்சல் எழுந்தது.

"இரு. வைக்காத."

போனைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். பாதம் மணலைக் கீறிக்கொண்டே வந்தது. தானியேல் வீட்டு வாசலில் கூட்டம். அவள் புருஷன் செங்கல்வராயன் தானியேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். எல்லோரும் தினமும் பார்க்கிற ஆண்கள். தலையைக் குனிந்துகொண்டுதான் அவளால் பேச முடிந்தது.

"அவர உடு. ஊசி போடற எடத்த நான் காட்ட மாட்டேன்னேன். வெக்கப்பட்டுகினு துணி மேலயே போட சொன்னேன். அதான் நரம்புல ஏறிடுச்சி."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. அவள் போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டியா?... அழுவாத. காலைல வரேன், டாக்டராண்ட கூட்டிகினு போ... ஆமா. இந்த தபா காட்டறேன்."

இணைப்பைத் துண்டித்தாள்.