பின் பெஞ்சுப் பார்வையாளர்

பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் உட்காரக் கூடாது. முட்டி மேசையில் இடிக்கும், எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் தேறுவதற்காக. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

எனக்கு ஜோடியாகச் சின்ன டீச்சரைப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். இருவருக்கும் வேதியியல்தான். அவள் வகுப்பில் மணியடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். என் வகுப்பில் மணிக்கு முன்பே பையை மூடிவிடுவார்கள். எனக்குக் கொட்டாவி சார் என்று பெயர். பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சும்மா வைக்க மாட்டார்கள்.

முதலில் அவள் என் வகுப்பைக் கவனித்தாள். பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த ஒருவனுக்குக் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் முகம் தெளிந்தது. தொண்டைத் தண்ணீர் வற்ற நான் சொல்லியும் புரியாதது, அவள் முணுமுணுத்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு ஆசிரியர் அறையில், எல்லோரும் இருக்கும்போது, நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போர்டுகிட்டயே பேசிட்டு இருக்கீங்க. பசங்க பக்கம் கொஞ்சம் திரும்பினா நல்லாயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அவள்மேல் வந்த வெறுப்பு பிறகு போகவே இல்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தலைமையாசிரியையிடம் போய், கவனிக்க வருகிறவர்கள் வகுப்புக்குள் பேசுவது முறையல்ல என்றேன். அவரும் சரி என்றார். அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறவர் வாய்க்குப் பூட்டு. சின்ன டீச்சர் என்னைத் தேடி வந்து மன்னிப்பும் கேட்டாள்.

அடுத்தது என் முறை. ஆய்வுக்கூடத்தில் அவள் ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி, ஏதோ உப்பைத் தூவிக் கொளுத்தினாள். பச்சையாக எரிந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை மங்கியதும் முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "இன்னொரு தடவை டீச்சர்" என்று கெஞ்சினாள். சின்ன டீச்சரும் சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் கேனை எடுத்தாள்.

வெயிலில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அன்று ஜன்னல் வெயில் நேராக அவள் மேசைமேல் விழுந்தது. குனிந்து பார்த்தவளுக்கு வெறும் கிண்ணம்தான் தெரிந்திருக்கும். என் இடத்திலிருந்து பார்த்தால் அதன் பின்னால் கரும்பலகை இருந்தது. கிண்ணத்துக்கு மேல் நீலமாக, மெல்லியதாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

கேனைச் சாய்த்ததும் நெருப்பு அதற்குள் ஏறி வெடித்தது. சின்ன டீச்சருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. முன் பெஞ்சுப் பெண் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அவளுடைய அப்பா பள்ளி வாசலில் வந்து நின்றார். யாரையும் திட்டவில்லை, பையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் சின்ன டீச்சர் என் குரலைக் கேட்டதும் கையை நீட்டித் தேடினாள்.

"என் அவசரம்தான் சார். உங்களைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்களுக்கும் தெரியலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உடம்பைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது வழக்கு அவள்மேல். நான் இதைச் சொல்வதால் யாருக்கும் எதுவும் திரும்பி வரப்போவதில்லை. இவ்வளவு தூரம் கேட்டீர்கள், இதையும் சொல்கிறேன். ஊற்றுவதற்கு முன் அவள் சந்தேகப்பட்டாள். கேனைப் பிடித்தபடியே நிமிர்ந்து, அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், அணைஞ்சிடுச்சா?"

விதியை நான் மீறவில்லை. வாயைத் திறக்காமல், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.