பாட்டு நிண்டது அர்ஷாக்குக்கு எப்பிடித் தெரிஞ்சது?

லக்சாயினி: சிவகுரு அண்ணை, உந்த ஓட்டோவால ஒருக்கா இறங்கி வாங்கோ. எனக்கு ஒரு விஷயம் விளங்குதில்லை.

சிவகுரு: இருந்தபடியே கேக்கிறன், ரீச்சர். சொல்லுங்கோ.

லக்சாயினி: எங்கட முன்பள்ளி அர்ஷாக்குக்கு ரெண்டு காதும் கேளாது. பாட்டு ஓடேக்க நண்டு மாதிரி நடக்க வேணும், பாட்டு நிண்டா நிலத்தில கீறின எழுத்தில கால் வைக்க வேணும். மூண்டு கிழமையா அவன்தான் முதல் ஆளா நிண்டவன். எப்பிடி?

சிவகுரு: கெட்டிக்காரன்.

லக்சாயினி: நேற்று அந்தக் கெட்டித்தனம் எங்க போனது? பாட்டு நிண்டது, எல்லாரும் நிண்டாச்சு. இவன் மட்டும் பக்கவாட்டில நடந்து போய்க் கேற்றில முட்டினவன். எல்லாரும் சிரிச்சிட்டினம்.

சிவகுரு: ...அழுதவனோ?

லக்சாயினி: அழேல்ல. மேசைக்குக் கீழ போயிட்டான். இண்டைக்கும் அங்கதான், விளையாட்டுச் சாமான் கூடையைத் தலையில கவிட்டுக்கொண்டு. நாளைக்கு விளையாட்டு விழா. அவன்ர உம்மா கிண்ணியாவில இருந்து பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வாறாவாம், மகன் விளையாடுறதைப் பார்க்க.

சிவகுரு: பதினொரு பேரோ. என்ர ஓட்டோ காணாதே...

லக்சாயினி: பகிடியை விடுங்கோ. நான் ஒவ்வொண்டாப் பார்த்தனான். முதல், நிலம் அதிருறது காலுக்குத் தெரியுதோ எண்டு.

சிவகுரு: ஸ்பீக்கர் என்ர ஓட்டோவிலயெல்லோ. தெருத்தெருவாப் பாண் வித்த காலத்தில பாட்டுப் போடப் பூட்டினது. அங்க எப்பிடி நிலம் அதிரும்?

லக்சாயினி: அதான் அதை விட்டிட்டன். ரெண்டாவது, மற்றப் பிள்ளையளைப் பார்த்து நிக்கிறானோ எண்டு. இல்லை, அவையளுக்கும் முதல் நிக்கிறான். போன கிழமை எடுத்த வீடியோவை மெதுவா ஓடவிட்டுப் பார்த்தனான்.

சிவகுரு: வீடியோவோ? ஆர் எடுத்தது?

லக்சாயினி: தேனுகாவின்ர அப்பா. ஏன் உங்கட முகம் வேர்க்குது?

சிவகுரு: வெயில்.

லக்சாயினி: வேப்பமரத்துக்குக் கீழ வெயிலோ... சரி. மூண்டாவது, என்னைப் பார்க்கிறானோ எண்டு. நான் தேனுகாவின்ர வீல் செயாரோட ஓடித்திரியிறன், அவவும் எழுத்தில சில்லு வைக்க வேணுமே. பாட்டு எப்ப நிக்கும் எண்டு எனக்கே தெரியாது. நிப்பாட்டுறது நீங்கள்.

சிவகுரு: நான் சுவிச்சை அமத்துறன். அவ்வளவுதான், ரீச்சர்.

லக்சாயினி: அந்தச் சுவிச்சை அவன் பார்க்க ஏலாது. மழைப் படங்கை இழுத்து மூடிப்போட்டெல்லோ பாட்டுப் போடுறனீங்கள். ஏன் மூடுறனீங்கள்?

சிவகுரு: தூசி. துறைமுகத்து லொறி எல்லாம் இதாலதானே போகுது.

லக்சாயினி: நேற்று ஓட்டோவை எங்க விட்டனீங்கள்?

சிவகுரு: மதிலுக்கு அங்கால. பாட்டு வடிவாக் கேட்டதுதானே?

லக்சாயினி: கேட்டது. ஆனா ஓட்டோ தெரியேல்ல. மற்ற நாளெல்லாம் தெரிஞ்சது. அப்ப அவன் பார்க்கிறது உங்கட ஓட்டோவைத்தான்.

சிவகுரு: ஓட்டோவில பார்க்க என்ன கிடக்கு...

லக்சாயினி: வீடியோவில அது ஆடுது, அண்ணை.

சிவகுரு: எஞ்சின்...

லக்சாயினி: எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை என்னட்டத் தந்தாப் பிறகுதான் பாட்டு.

சிவகுரு: அப்ப காத்தா இருக்கும்.

லக்சாயினி: மரத்தில ஒரு இலை அசையேல்ல. ஓட்டோ மட்டும் இடமும் வலமும் ஆடுது. ஒருக்கா முன் சில்லும் எழும்பினது.

சிவகுரு: ஸ்பிறிங் பழசு, ரீச்சர்.

லக்சாயினி: சரி, இப்ப பாட்டைப் போடுங்கோ. நான் யன்னலால அர்ஷாக்கைப் பார்க்கிறன். ...இன்னும் போடேல்லையோ?

சிவகுரு: இந்தா, ஓடுது.

லக்சாயினி: அவன் அசையேல்ல. கூடையை உயர்த்தி ஓட்டோவைத்தான் பார்க்கிறான். ஓட்டோவும் அசையேல்ல. அண்ணை, வழமையாச் செய்யிறதைச் செய்யுங்கோ.

சிவகுரு: என்னத்தை?

லக்சாயினி: எனக்குத் தெரியாது. நான் இஞ்சால திரும்பி நிக்கிறன். மேசைக்குக் கீழ ஒரு பிள்ளை இருக்கு, அதை மட்டும் நினையுங்கோ.

சிவகுரு: ...திரும்பிப் பார்க்கப்படாது.

லக்சாயினி: பார்க்கேல்ல. ...ஐயோ அண்ணை, வெளியில வந்திட்டான். கூடையோடயே நண்டு நடை நடக்கிறான். இப்ப நிப்பாட்டுங்கோ. ...நிண்டிட்டான். "ம" எழுத்தில கால். கைச் சைகையாலயும் "ம" காட்டுறான். அண்ணை, உங்கட மகளின்ர கலியாணத்திலயே கையைக் கட்டிக்கொண்டு நிண்ட ஆள் நீங்கள். உள்ளுக்க என்னதான் நடக்குது?

சிவகுரு: ஆடுறனான், ரீச்சர். மூண்டு கிழமையா. இருந்தபடிதான், ஆனா முழு உடம்பாலயும். பாட்டை நிப்பாட்டினா, ஆராவது எட்டிப் பார்ப்பினம் எண்டு அந்த நிமிஷமே கல்லு மாதிரி இருந்திடுவன். நாளைக்கு ஸ்பீக்கரைக் கழட்டி வெளியில வைப்பம், சுவிச்சை நீங்கள் பிடியுங்கோ. நான் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு ஆடுறன். நான் ஆடினா எல்லாரும் நடக்க வேணும், நான் நிண்டா எல்லாரும் நிக்க வேணும். காது கேக்கிற பிள்ளையளும் என்னைத்தான் பார்க்க வேணும்.