சுத்தியல் படாத இடம்

"என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வண்டி ஓட்டினாருன்னு சொன்னது நீங்கதானே அண்ணே? இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

வஹீதா என் பட்டறை வாசலில் நின்று கத்தியதைக் கேட்கப் பாலக்கரையில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். வேறொருவர் வாசலில் நடந்திருந்தால் நான்தான் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பேன். யார் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியது என்பது வரை தெரிந்து வைத்திருப்பவன் இந்த அப்துல் சுக்கூர்.

அவள் புருஷன் ஹனீஃபா, அழகர்சாமியின் பழைய பிளைமவுத் டாக்சியை ஓட்டியவர். இரண்டு லட்சம் மைல் தாண்டிய வண்டி. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அதன் அடிச்சட்டமான சேஸிஸைச் சுரண்டி, துரு எடுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, மேலே தார் பூசித் தருவது என் வேலை. முடித்ததும் வண்டிக்காரர் எதிரில் சுத்தியலால் முனைக்கு முனை தட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். நல்ல இரும்பு வெண்கலமாய்க் கேட்கும். விரிசல் கண்டது உடைந்த சட்டியாய்க் கேட்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சுரண்டும்போது, பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் விரிசல் தெரிந்தது. முந்தின வருஷம் நான் பற்றவைத்த அதே இடம். யானை ஏறினாலும் அசையாது என்று அன்றைக்குத் தெருவையே கூட்டிக் காட்டியிருந்தேன். அடுத்தவன் வேலையைக் கிண்டலடித்தே பேர் வாங்கியவன், என் வேலை விட்டுப்போனதை எந்த வாயால் சொல்வது? விரிசலில் தாரைக் கெட்டியாக அப்பினேன். அந்த இடத்தை விட்டுவிட்டுத் தட்டிக் காட்டினேன்.

அழகர்சாமி தலையாட்டினார். ஹனீஃபா மட்டும் குனிந்து பார்த்தார்.

"பின்னால தட்டலையே அண்ணே."

"தார் காயலைப்பா. சுத்தியல்ல ஒட்டிக்கும்."

நம்பினார். நாலாம் நாள் காலையில் கல்யாண வீட்டாரை ஏற்றிவர ஸ்ரீரங்கம் போனார். காவிரிப் பாலத்தில் அந்த இடம் விட்டுப்போய், பின்சக்கரம் ஒரு பக்கம் இழுக்க, வண்டி கைப்பிடிச் சுவரில் மோதியது. மாலையில் ஹனீஃபாவின் மய்யித்தை அடக்கும்போது நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

மோதியதில்தான் சேஸிஸ் உடைந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு ஏன் மோதியது என்று கேட்டார்கள். டீக்கடையில் ஒரே ஒருவரிடம், அன்று காலை ஹனீஃபா வாயில் ஏதோ வாசம் வந்தது என்றேன். ஐந்து வேளை தொழுகை தவறாத மனிதர். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது.

புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் வஹீதா நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் மகள் மஜீதாவுக்கு உறையூர் ஜவுளிக்கடை வீட்டில் பேசி முடித்திருந்த நிக்காஹ் அதற்குள் நின்றுபோனது. இத்தா முடிந்த மறுநாள்தான் என் வாசலில் இந்தச் சத்தம். கடைசியில் அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஜமாஅத்துல வந்து, அவர் குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே. என் பொண்ணு வாழட்டும்."

நான் சுத்தியலை எடுத்துப் பக்கத்திலிருந்த வண்டியைத் தட்ட ஆரம்பித்தேன்.

அந்த மாதமே தாயும் மகளும் நாகூருக்குப் போய்விட்டார்கள். மஜீதாவை அங்கே ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்ததாகக் கேள்வி. கேள்வி என்ன, விசாரித்தே தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் பஸ் அந்தப் பாலத்தில் ஏறினால் தலையைக் குனிந்துகொள்கிறேன். வெட்கத்துக்குப் பயந்து மூடியதுதான் எல்லாம்.

ஆனால் ஒன்றை மட்டும் தப்பாக நினைத்துவிடாதீர்கள். உறையூர் மாப்பிள்ளை வீட்டை நான் தேடிப் போகவில்லை. அவர்களாகத்தான் என் மகள் சாராவைப் பெண் கேட்டு வந்தார்கள்.