படுகைக்கு அடியில் முதலில் நுழைந்தவருக்கு

அல்லிநகரத்துப் பட்டறையின் அச்சாணியே! அளந்து பேசி, அன்பை மட்டும் அளக்காமல் அள்ளித் தந்த அண்ணலே! இரும்பின் பாரத்தை எடை போட்டு, இதயத்தின் பாரத்தை எவரிடமும் இறக்கி வைக்காத எங்கள் வடிவமைப்பாளர் அழகுமலை ஐயா அவர்களே!

பணி நிறைவு நாளில் பாராட்ட வந்தோம். மூடிய தொட்டிக்குள் தண்ணீரை வடிகட்ட மணலும் கரியும் பரப்பிய படுகை ஊரார் கண்ணுக்குத் தெரியாது. அதை அடியில் தாங்கும் பீம்களை யாரும் நினைப்பதுகூட இல்லை. அந்தத் தாங்கலைத் திட்டமிடுவதே தங்கள் வாழ்நாள் வேலை.

தொண்ணூற்றெட்டில் ஓடைப்பட்டிப் பக்கத்துப் பழச்சாறு ஆலைக்கு நாம் செய்து கொடுத்த வடிகட்டும் தொட்டியை இங்கே யாரும் மறக்கவில்லை. ஈரப் படுகையின் கனத்துக்கு அந்த பீம்கள் போதும். ஆனால் சேறு அடைத்ததும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் படுகையையே அமுக்கியது, பீம்கள் வளைந்தன. தண்ணீரை வடித்துவிட்டு, என்னவென்று பார்க்கக் கீழ்த்துளை வழியாக உள்ளே போன நம் வெல்டர் சுருளிவேல் மீது படுகை மொத்தமும் சரிந்தது. பிணமாகத்தான் அவரை வெளியே எடுத்தோம். ஆலைக்காரர்கள் படுகையைக் கழுவாமல் விட்டதே காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். "கழுவ மாட்டாகன்னு நான்தான நெனச்சுப் பாத்திருக்கணும்" என்றீர்கள் தாங்கள்.

அன்று முதல், முழுக்க அடைபட்ட படுகைக்கே கணக்குப் போட்டீர்கள். "என்ன சார், யானையவா உள்ள ஏத்தப் போறீக?" என்று வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள்; தாங்கள் பீமை மெலியவிடவில்லை. படுகையை நிரப்பி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, தண்ணீரை வடித்ததும், "நான் போயிட்டு வர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வராதீக" என்று ஒவ்வொரு தொட்டியிலும் தாங்களே முதலில் தவழ்ந்து நுழைந்தீர்கள். முழங்கால் மல்லுக்கு நின்ற பிறகும் விட்டீர்களா?

சுருளிவேலின் மனைவி சந்தனம்மாள் நம் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் எதிரே வந்தால் தாங்கள் தலைகுனிந்து விலகுவீர்கள். ஒரு நாளும் முகம் பார்த்து ஒரு சொல் பேசியதில்லை. இம்மடலுக்காக அவரிடம் ஏதும் கேட்க எங்களுக்கும் துணிவில்லை. அவரே வந்து சொன்னார், சொன்னபடியே எழுதுகிறோம்:

"அவுக மேல வருத்தமே இல்லன்னு சொன்னா பொய்யி. மொதல்லயெல்லாம் வஞ்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். ஆனா அவுக தொட்டிக்குள்ள போற அன்னைக்கெல்லாம் ஸ்டோரப் பூட்டிட்டு வந்து அங்கன நின்னுருவேன். அவுக தலை வெளிய தெரியுற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. இது அவுகளுக்குத் தெரியாது. இன்னைக்காச்சும் என் மொகத்தப் பாத்து, போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

நோயின்றி, நொடிப்பின்றி, நிம்மதியான உறக்கத்தோடு தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் ஐயா! இம்மடலில் முதல் கையெழுத்துப் போட்ட சந்தனம்மாள் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். நிமிர்ந்து பாருங்கள்.

நீங்காத அன்புடன்,
சந்தனம்மாள்
மற்றும் பட்டறை ஊழியர்கள்,
அல்லிநகரம், தேனி, 2009.