ஒன்றாகவே ஏறிய இரண்டு காரணங்கள்

— பரீட்சை முடியட்டும்னு அன்னைக்கு நான் கேட்டேன். நீ இன்னா சொன்ன, ஞாபகம் இருக்கா மாமா?

— ‘ஒரு மாசம்கூட நீ இல்லாம ஓட்ட முடியாது, தைக்குள்ள தாலி கட்டிடுறேன்’னு சொன்னேன். இப்ப இன்னாத்துக்கு அது? வலை தைக்குறேன், பேச்சுக் குடுக்காத அமுதா.

— அவ்ளோ ஆசையான்னு கேட்டேன். தலையாட்டின.

— ஆசைதான். லேப்டாப்பை மூடிட்டு உலையப் பாரு.

— உலை கொதிக்குது. என் ஆராய்ச்சியத்தான் மெட்ராஸ் காலேஜ் மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க.

— நம்ம தோணிரேவுல படகு படகாப் போய் மீன் எடை கேட்டியே, அதுவா? பூவரசன் பொண்டாட்டிக்கு வேற வேலையில்லன்னு ஊரே சிரிச்சுது. எல்லாரும் பொய் சொல்லியிருப்பானுங்க.

— எடையெல்லாம் சரி. ரிக்ரஷன் முடிவ நம்புறதுக்கு முன்னாடி, அதோட அனுமானமெல்லாம் நிக்குதான்னு பாக்கணும். அதுலதான் விழுந்துட்டேன்.

— தமிழ்ல சொல்லு டீச்சரம்மா.

— ஒருத்தனுக்கு மீன் அதிகமா வரப் பல காரணம். தண்ணியில உப்பு, வலைக் கண்ணு, ஏரியில முறை வெச்சுப் புடிக்கிற பாடுல பேர் ஏறி எத்தினி வருஷம், கல்யாணம் ஆகி எத்தினி வருஷம். எது எவ்ளோ இழுக்குதுன்னு தனித்தனியாப் பிரிக்கணும்.

— கல்யாணம் எதுக்கு அதுல?

— பொண்டாட்டி வலை அலசித் தர்றா, அழுக்கு எடுக்குறா. அது மீன்ல தெரியுதான்னு பாக்கத்தான். கோடு நேராத்தான் இருந்துச்சு. பிழையும் சமமாத்தான் சிதறிச்சு. கடைசியில, ரெண்டு காரணம் ஒண்ணாவே ஏறுது, ஒண்ணாவே இறங்குதுன்னு மாட்டிக்கிச்சு. பாடும் கல்யாணமும்.

— பின்ன? கல்யாணம் ஆகாதவனுக்கு ஏரியில மீன்பிடி முறை கிடையாது. இந்த ஊர்ல பொறந்துட்டு அதை மறந்துட்டா கணக்குப் போட்ட?

— மறக்கத்தான் புடிச்சிருந்துச்சு. தையில தாலி, மாசியில பாடுச் சீட்டுக் குலுக்கல். தையத் தவற விட்டிருந்தா, அடுத்த சீட்டு வரைக்கும் உங்கண்ணன் படகுல கூலிக்குத்தான் போயிருப்ப.

— இப்ப இன்னா சொல்ல வர்ற?

— ஆசைக்குக் கட்டினியா, பாடுக்குக் கட்டினியான்னு இந்தக் கணக்கால பிரிக்க முடியல.

— ரெண்டுக்கும்தான்.

— எது எவ்ளோ?

— தராசுல வெச்சுப் பாக்க அது இன்னா இறாலா?

— மேடம் ஒரு வழி சொன்னாங்க. ஒண்ணை எடுத்துட்டு, மிச்சத்தைப் பாருன்னு. இந்த மாசிச் சீட்டுல உன் பேர் வேணாம்னு சொல்லு. கடலுக்குப் போ. அப்பவும் நான் வேணுமான்னு பாக்கணும்.

— பைத்தியமா உனக்கு? எடுத்த பேர் திரும்ப ஏறாது.

— அப்ப என்னை எடுத்துப் பாரு.

— இரு, இந்த முடிச்சப் போட்டுக்குறேன்.

— இன்னா மாமா, வலையையே பாக்குற? சும்மா சொன்னேன்.

— சும்மா சொல்லாத. நீ போயிடுறியான்னு கேக்க வாய் வராமலே ரெண்டு சீட்டு போயிடுச்சு எனக்கு. பொண்டாட்டி கூட இல்லன்னா பாடுல பேர் நிக்குமான்னு ஊர்த் தலைவர்கிட்ட விசாரிச்சேன். நிக்குமாம். நீ படிக்கப் போற மெட்ராஸ்லயே இருந்துடு, அமுதா.