குசினிப் புகைக்கூண்டை இடித்தது பற்றி நூருன்னிஸா சொன்னது

1962 நவம்பர் 14, மாத்தளை, அலுவிகாரை.

என் பெயர் அப்துல் ஸமத் நூருன்னிஸா. வயது முப்பத்தெட்டு. தம்புள்ளைக்குப் போகும் பெருந்தெருவை ஒட்டிய ஓட்டு வீட்டில் வசிக்கிறேன். கராம்பு வியாபாரம் செய்து காலமான றஹீம் என்பவரின் மனைவி. பிள்ளைகள் இல்லை. நான் இத்தாவில் இருப்பதால் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வரவில்லை. சார்ஜன்ட் நடராஜா முன் மண்டபத்தில் இருந்து எழுத, நான் திரைக்கு உள்ளே இருந்து சொல்கிறேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பது எங்கள் கடமை. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதைச் சாட்டாக வைத்து என்னை ஏய்த்தவர் மீதுதான் ஆத்திரம். ஆத்திரம் என்றே எழுதும்படி சார்ஜன்டிடம் கேட்டேன்.

இந்த வீடு என் வாப்பா எனக்குக் கலியாணத்துக்குத் தந்தது. குசினியின் புகைக்கூண்டு வாப்பாவின் வாப்பா கட்டியது. சென்ற மழையில் அது வெடித்து உள்முற்றத்துப் பக்கம் சாய்ந்தது. என் கணவர் அதைத் திருத்த மேசன் புஹாரி பாஸிடம் பேசி வைத்திருந்தார். அதற்குள் மௌத்தாகி விட்டார். அதன்பின் என் தங்கை ஸுலைஹா எனக்குத் துணையாக வந்து, அந்தக் குசினியில் சமைத்தாள்.

அதன்பின் புஹாரி பாஸ் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வந்தபோது, என் கணவரின் நானா, அதாவது மூத்த சகோதரர், தாஹிர் அவரை வாசல் படலையில் மறித்தார். "இத்தாவில ஈக்கிற பொம்பளட முத்தத்த மேசன் கூரையில நிண்டு பாக்கியதா? எங்கட குடும்பத்துக்கு மானம் ஈக்கிது, ஓய்!" என்று தெருவுக்குக் கேட்கச் சத்தம் போட்டார். நான் தங்கையை அனுப்பிப் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். முற்றத்துக்குக் குறுக்கே சீலை கட்டி, நான் அறைக்குள் இருந்தால் தாராளமாக வேலை நடக்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். சீலையும் கட்டினோம். அதன்பின் தாஹிர் வந்து ஏணியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். லெப்பையை விடப் பெரிய ஆலிம் ஆகிவிட்டார் போலும்.

அதன்பின் சென்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, அதே தாஹிர் வீட்டை விலை பேச இரண்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு நேரே உள்முற்றத்துக்கு வந்தார். நாங்கள் கட்டிய சீலையை அவர் கையாலேயே ஒதுக்கினார். நான் ஓடி அறைக் கதவை மூடினேன். "இந்தக் குசினி எப்படியும் விழும். பொம்பள அவட தங்கச்சி வீட்டுக்குப் போயிருவா. பொறகு றோட்டுப் பக்கம் கடை போடலாம்" என்று அவர் சொன்னது கதவின் உள்ளே எனக்குக் கேட்டது. மேசன் பார்த்தால் ஹராமான முற்றம் வீடு வாங்க வந்தவர்களுக்கு ஹலாலாகிவிட்டதா?

மறுநாள் காலை ஸுலைஹா கஞ்சி காய்ச்சும்போது புகைக்கூண்டின் கற்கள் சரிந்து பானை மேல் விழுந்தன. கொதிக்கும் கஞ்சி அவளுடைய தோளிலும் கழுத்திலும் கொட்டியது. அடுத்த வீட்டு ராசம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தாஹிருக்கு ஆள் அனுப்பினேன். "அல்லாட நாட்டம்" என்று சொல்லி அனுப்பினார். வரவில்லை.

அதன்பின் ராசம்மா திரும்பி வந்து மதிலுக்கு மேலால் தன் ஏணியைத் தந்தார். நான் முகத்தை மூடி, இத்தாவின் வெள்ளைச் சேலையோடு கூரையில் ஏறி, அலவாங்கால் மிச்சப் புகைக்கூண்டைக் கல் கல்லாக நெம்பி முற்றத்தில் தள்ளினேன். சேலை கரியாகிவிட்டது. தெருவில் ஆட்கள் நின்றார்கள். அப்போதுதான் தாஹிர் ஓடி வந்தார். "எறங்கு புள்ள! ஊருக்கு முன்னால குடும்பத்துட மானத்த வாங்கிய!" என்று கத்தினார். "தங்கச்சிட தோல் உரிஞ்சி ஈக்கிது. ஒங்கட மானத்துல ஒரு கீறலாவது விழுந்திச்சா, மச்சான்?" என்று கேட்டேன். அதன்பின் அவர் ஸ்டேஷனுக்குப் போய், நான் அவருடைய தம்பியின் வீட்டைச் சேதப்படுத்தியதாக முறைப்பாடு கொடுத்ததாக அறிகிறேன். இடித்தது நான்தான். என் வீட்டில் என் புகைக்கூண்டைத்தான் இடித்தேன்.

விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தலாமா என்று சார்ஜன்ட் கேட்டார். நிறுத்த முடியாது. புஹாரி பாஸ் இப்போது கூரையில்தான் நிற்கிறார். முற்றத்தில் சீலை கட்டியிருக்கிறது. நான் அறையில் இருக்கிறேன். லெப்பை சொன்ன முறைப்படி எல்லாம் நடக்கிறது.

தாஹிர் பற்றி ஒன்று எழுத வேண்டும். கணவரின் நானாவும் மார்க்கப்படி எனக்கு அந்நிய ஆண்தான். இதையும் லெப்பையிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆகவே இத்தா முடியும்வரை அவர் இந்தப் படலையைத் தாண்டக் கூடாது. முடிந்த பிறகும் கூடாது. அது மார்க்கம் அல்ல, நான் சொல்வது.

எழுதியதைச் சார்ஜன்ட் திரைக்கு வெளியே நின்று வாசிக்கக் கேட்டேன். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. எல்லாம் நடந்தவை என்பதற்கு, திரைக்குக் கீழால் தாளை வாங்கி அறபுத்தமிழில் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) அ. நூருன்னிஸா