தாழ முளைத்த இலை

பூரணி: ...ஒரே ஒரு டைல்ஸுதானுங்களே டீச்சர். நாளைக்கு திறப்பு விழாவுக்குள்ள கழட்டி கீழ வைக்கச் சொல்லுங்க.

பிரேமினி: சட்டி பானையா பூரணி, எடுத்து எடுத்து வைக்க? சிமெந்து போட்டு ஒட்டி, துணியும் போட்டு மூடியாச்சு. புள்ளைங்கள விட்டுட்டுப் போற இந்தப் புள்ளக்காம்பரா செவத்துல டைல்ஸாலயே மரம் மொளைச்சிருச்சுன்னு தோட்டமே பேசுது, நீ மட்டும்...

பூரணி: மரம் நல்லாத்தாங்க இருக்கு. குருவி, நத்தை, அட்டைகூட விடல. அந்தப் பெரிய எலை மட்டும்... தரையில பரப்பி வச்சப்ப பாத்தேன், உச்சியில இருந்துச்சு.

பிரேமினி: இருந்தா என்னவாம்?

பூரணி: விழுந்துருச்சுன்னா? புள்ளைங்க மண்டை...

பிரேமினி: பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல ஒனக்கு. வீட்டுக்கு ஒரு எலை கொண்டாந்து ஈர மண்ணுல அமுக்குங்கன்னு டைல்ஸ் செய்ய வந்த சார் சொன்னாரே, நீ என்ன எலை கொண்டாந்த?

பூரணி: மறந்துட்டேங்க. கொழுந்து பறிச்ச மலையிலேருந்து ஓடி வந்தேனா... எல்லாரும் அமுக்குறாங்க... சார் அந்தப் பக்கம் திரும்புனாரு...

பிரேமினி: கைய வச்சு அமுக்கிட்ட!

பூரணி: ஐயோ, மெதுவா!

பிரேமினி: அந்த மனுசன் அஞ்சு வெரலையும் பாத்து மரவள்ளி எலைன்னு நெனச்சு, பச்சை பூசி சுட்டுட்டாரு.

பூரணி: சிரிக்காதீங்க டீச்சர்... எம் மகன் தனுஷனுக்கு எட்டணுமுங்க. என் கையப் புடிச்சாத்தான் தூங்குவான்.

பிரேமினி: சாயங்காலமானா நீதான வந்து தூக்கிட்டுப் போற. கை எங்க போகுது?

பூரணி: கொஞ்ச நாளைக்கு மாமி வந்து கூட்டிட்டுப் போவாங்க.

பிரேமினி: கொஞ்ச நாள்னா?

பூரணி: குவைத்துக்கு வீட்டு வேலைக்குங்க... ரெண்டு வருசம். திங்கக்கெழம வேன் வருது. இங்க யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அழுதுருவேன், அழுதா போக மாட்டேன். பயமா இருக்கு டீச்சர்... திரும்பி வர்றப்ப என்னைய தெரியுமா அவனுக்கு?

பிரேமினி: அழாத. ஒன் மாமி போன வாரமே வந்து சொல்லிட்டாங்க. அந்தத் துணியத் தூக்கிப் பாரு... மேல இல்ல, அடியில.

பூரணி: டீச்சர்...!

பிரேமினி: ஒட்டறப்பவே நாந்தான் எடம் மாத்தச் சொன்னேன். ஏன்னு கேட்டாரு சார். "எங்க தோட்டத்துல இந்த எலை தாழத்தான் மொளைக்கும் சார்"னு சொல்லிட்டேன். அவன் பாயையும் அதுக்கிட்டயே போட்டாச்சு. இன்னைக்கு மத்தியானம் ஒன் மகன், துணிக்குள்ள கைய விட்டுக்கிட்டே தூங்கிட்டான்.